கடக்காலில் கிடந்த ஆமை

கண்ணு, நேற்று போனில் நீ, "ஞாயித்துக்கெழம காலைல வண்டி வந்துடும், ரெடியா இரும்மா" என்றாய். நான் சரி என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உன் அப்பா இறந்துபோன தை மாதத்திலிருந்து யார் எது கேட்டாலும் என் வாயில் சரி என்றுதான் வருகிறது. உன் அத்தை வந்து, "அண்ணன் சட்டையெல்லாம் ஆசிரமத்துக்குக் குடுத்துடலாமா அண்ணி?" என்று கேட்டாள். சரி என்றேன். ரெண்டு நாள் கழித்து பீரோவைத் திறந்தபோதுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று தெரிந்தது. தெரிந்தும் அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. பீரோவைச் சாத்திவிட்டுப் போய் அரிசி களைந்தேன். போனில் பேசினால் மறுபடியும் சரி என்றுதான் சொல்லித் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும், அத்தை கேட்டால் அவளிடமும் காட்டு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போக நீ ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. தனியாக இருக்கிறாள், பேசமாட்டேன் என்கிறாள், ஒருநாள் கீழே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயம். அது நியாயமான பயம். ஆனால் அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். கடைசியில் குரலைத் தணித்து, "அந்த வீடு நமக்கு ஆகலம்மா, வித்துடலாம்" என்றாயே, அதுதான் என்னை என்னவோ செய்தது. இது உன் பேச்சு இல்லை. காரியத்தன்று பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து உன் அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. "கடக்கால் தோண்டறப்பவே ஆமை வந்த வீடு. அப்பவே சொன்னேன், யாரு கேட்டா?" அவள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், அண்ணனைப் பறிகொடுத்தவள். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற நீயுமாடா?

அந்த ஆமையை நீ மூன்றாவது படிக்கும்போது பார்த்தாய். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நான் முழுசாகச் சொல்கிறேன். வேங்கிக்காலில் இந்த மனையை வாங்கியபோது சுற்றிலும் ஒன்றும் கிடையாது. கலெக்டர் ஆபீஸில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா, வேலைக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். ஏரி ஓரத்து மண். மழைக்காலத்தில் கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் போகும், கோடையில் அதே மண் கல்லாகிவிடும். வைகாசியில் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டினோம். மலைப்பாறையிலிருந்து வருகிற அனல் உனக்குத் தெரியுமே, காலை பத்து மணிக்கே முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. இடுப்பளவு ஆழம் போனதும் கடப்பாரை எதன் மேலோ பட்டு டொக்கென்றது. கல் என்று நினைத்துப் பக்கவாட்டில் மண்ணைப் பறித்தார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு மண்ணுருண்டை. மேஸ்திரி அதைக் கையில் எடுத்துத் தட்டினார். தட்டியதும் அப்படியே கீழே போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார். "சார், ஆமை சார்!"

அதோடு வேலை நின்றது. "ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க சார். நான் இதுல கல்லு வெக்க மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்று மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தாள் பெண்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உன் அத்தை அன்றைக்கு எங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், அவளும் "ஐயையோ" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். உன் அப்பா மட்டும் குழியில் இறங்கி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து, "ஏன் மேஸ்திரி, இங்க வீடே இன்னும் இல்லியே, அது எங்க பூந்துச்சி? நாமதான் அது வீட்டுல கடப்பாரையோட பூந்துட்டோம். உருப்படாமப் போறதுன்னா அதுதான் போவணும்" என்றார். மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா அப்படித்தான், ஒரு பேச்சில் ஒரு கூட்டத்தைக் கலைத்துவிடுவார்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. சொந்த வீடு, முதல் வீடு, பயம் வராதா? "இன்னாங்க, விளையாட்டு வேணாம், பெருமாள் அவதாரம்தான அதுவும், பூசை பண்ணி அனுப்பிடலாம்" என்றேன். சித்தாள்கள் "ஆமாங்கம்மா" என்றார்கள். ஒரு செங்கல்லின் மேல் அதை வைத்தோம். ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து அதன் முதுகில் ஊற்றினேன். மண் கரைந்து உள்ளே பச்சையும் பழுப்புமாக ஓடு தெரிந்தது. ஊற்ற ஊற்ற நன்றாக இருந்ததால் இன்னொரு குடமும் ஊற்றினேன். பொட்டு வைத்தேன், பூ வைத்தேன், கற்பூரம் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்து மூடி மாதிரி இருந்த தோல் அசைந்தது, கழுத்து நீண்டு வெளியே வந்தது, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. "சாமி முழிச்சிக்கிச்சி!" என்று எல்லாரும் கும்பிட்டோம். நீ கைதட்டினாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அப்போதெல்லாம் எனக்கு அழுகை எதற்கெடுத்தாலும் வரும்.

அதை ஒரு குண்டானில் வைத்து ஸ்கூட்டரில் நீயும் அப்பாவும் ஏரிக்குக் கொண்டுபோனீர்கள். ஏரி காய்ந்துபோய் மதகுக்குப் பக்கத்தில் மட்டும் எருமை புரளுகிற அளவுக்குக் குட்டை இருந்தது. அதில் விட்டுவிட்டு வந்தீர்கள். தினம் சாயங்காலம் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். குட்டை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் நீ மட்டும் வீட்டுக்குள் ஓடிவந்து படுத்துக்கொண்டாய். பின்னாலேயே வந்த அப்பா சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "செத்துடுச்சி. கரையில கெடக்குது" என்றார். காக்காய்கள் கொத்திக்கொண்டிருந்ததை நீ பார்த்துவிட்டாய் என்று அப்புறம்தான் சொன்னார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, நான் அறிவியல் டீச்சர். வறண்ட இடத்தில் உயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். 'கோடை உறக்கம்' என்று தலைப்புப் போட்டு அடியில் கோடு கிழிப்பேன். தவளை, நத்தை, ஆமை என்று உதாரணம் எழுதாத பிள்ளைக்கு மார்க்கைக் குறைப்பேன். தண்ணீர் வற்றுகிற காலத்தில் ஆமை சேற்றுக்குள் இறங்கிவிடும். சேறு காய்ந்து மேலே மூடிக்கொள்ளும். உள்ளே மூச்சு கம்மி, இதயம் அடிப்பது கம்மி, தின்பது ஒன்றுமே இல்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு மழைக்குக் காத்துக்கிடக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாடத்தில் இருந்தது அப்படியே என் கடக்காலில் வந்து கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தூங்கினதைத் தண்ணீர் ஊற்றி எழுப்பினேன். எழுந்த உயிருக்குப் பசிக்கும், குட்டையில் தின்ன எதுவுமில்லை. திரும்பப் புதைந்துகொள்ளலாம் என்றால் கரை மண் இறுகிப்போயிருந்தது. அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து அந்தப் பாடம் வந்தபோது வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், "அபிஷேகம் பண்ணியே கொன்னுட்டோங்க" என்றேன். அவர் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

அந்தக் கடக்கால் மேல் எழும்பின வீட்டில்தான் நீ பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் பாஸ் பண்ணினாய். உன் கல்யாணப் பந்தக்கால் இந்த வாசலில்தான் நட்டோம். அப்பா இங்கேதான் ரிட்டயர் ஆகி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, பேப்பரில் வந்த எல்லாக் கட்சிக்காரனையும் திட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார். அவர் போனது ஆமையால் இல்லை. பிரஷர் மாத்திரையை, "இன்னிக்கு நல்லாத்தான் இருக்குது" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டதால் போனார். நான் கத்தாத கத்தல் இல்லை. என் பேச்சை ஜீப்பே கேட்கும், அவர் கேட்கமாட்டார். ஆகவே இந்த வீடு நமக்கு ஆகவில்லை என்று இனிமேல் சொல்லாதே. ஏதாவது ஒன்றுக்கு யாராவது ஆகவில்லை என்றால், அந்த ஆமைக்குத்தான் நாம் ஆகவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தபோது நான் அழவில்லை. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுதுடு அக்கா, அடக்கி வெக்காத, நெஞ்சு அடைச்சிடும்" என்று என்னை ஆட்டிப்பார்த்தார்கள். அவர்கள் கண்ணீரில் என் தோளெல்லாம் நனைந்தது. எனக்கு வரவில்லை. நான் எதையும் அடக்கவில்லைடா, அடக்குவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. எழுந்தேன், குளித்தேன், பொட்டைத் துடைக்க வந்தவர்களுக்கு முகத்தைக் காட்டினேன். இப்போதும் அப்படித்தான். மீனைப் பொரித்தால் வாசனை தெரிகிறது, ருசி தெரியவில்லை. கோயிலில் மணி அடித்தால் மணி அடிக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். ரெண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு மீதியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

சித்திரையில் உன் வீட்டில் வந்து இருந்தேனே, நீ பட்ட பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பாவமாக இருக்கவேண்டும் என்று தெரிகிறது, சரியாகச் சொன்னால் அதுதான். பீச்சுக்குக் கூட்டிப்போனாய். என் பிறந்தநாள் எதுவென்று எனக்கே தெரியாது, சர்ட்டிபிகேட்டில் வாத்தியார் போட்ட தேதியைப் பிடித்து கேக் வெட்டினாய். காலையில் பார்க்கில் கைதட்டிச் சிரிக்கிற கூட்டத்தில் கொண்டுபோய் நிற்கவைத்தாய். ஹா ஹா என்று வயசானவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துச் சிரிக்க, நான் நடுவில் நின்று கையை மட்டும் தட்டினேன். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனது மட்டும் நல்ல காரியம். "எதாவது பண்ணிக்கலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். எதையுமே பண்ணத் தோணலையே, அது மட்டும் எப்படித் தோணும் என்றேன். அவர் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூடத் தவறாமல் போடுகிறேன், உங்க அப்பா மாதிரி இல்லை. மாசம் ஒருதரம் பஸ் ஏறி வந்து அவரைப் பார்க்கிறேன், அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றதெல்லாம் நீ என் முதுகில் ஊற்றின குடம் குடமான மஞ்சள் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் நான் தலையை வெளியே நீட்டி உன்னைப் பார்த்து முழிக்கவேண்டியிருந்தது. அதற்கே என்னிடம் இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது.

டீச்சர் புத்தி, எதையும் பாடமாக்காமல் விடாது என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் இந்த வெயிலில் இங்கே உட்கார்ந்து வேறு எதைப் பார்ப்பேன்? மலையில் போன மாதம் மறுபடி தீ வைத்துவிட்டார்கள், ஒரு பக்கம் கரியாகக் கிடக்கிறது. அங்கே புல்லின் வேர்க்கட்டை மண்ணுக்குள் இருக்கிறது, ஒரு மழைக்குப் பச்சை எட்டிப்பார்க்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் போய்த் தண்ணீர் ஊற்றுவதில்லை. கிரிவலப் பாதை நாய்கள் பகலெல்லாம் வேன்களுக்கு அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கின்றன, பிஸ்கெட் போட்டால்கூட எழுந்திருப்பதில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடி உச்சிவெயிலில் இலையை மடக்கிக்கொண்டு செத்த மாதிரி நிற்கும். புதுசாகப் பார்க்கிறவர்கள் பதறிப்போய் மோட்டாரைப் போடச் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் அதுவே இலையை விரிக்கும்.

ஆனால் ஒன்று, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தூங்குகிறதும் செத்ததும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பின்தெரு வேப்பமரம் மாசியில் இலை கொட்டியது, எல்லா வேம்பும் பங்குனியில் துளிர்த்தது, அது மட்டும் துளிர்க்கவே இல்லை. வெட்டிவிட்டார்கள். நான் எந்த வகை என்று எனக்கே சந்தேகம் வந்துகொண்டிருந்தது. ஆமைக்கு மழை வரும் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லியிருக்கும். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பயமாகக்கூட இல்லை என்பதுதான் பயம்.

நான் தனியாகக் கிடக்கிறேன் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டு ஷமீம் தினம் நாலு மணிக்கு வருகிறாள். எதிரில் முறத்தைப் போட்டுக்கொண்டு மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுப்பாள், இல்லையென்றால் கீரை ஆய்வாள். "அக்கா எப்படி இருக்கீங்க" என்றுகூடக் கேட்பதில்லை. அவள் வீட்டுக்காரர் போனபோது அவளை நாலு மாசத்துக்கு மேல் வீட்டோடு இருக்கவிட்டார்களாம், யாரும் எதற்கும் வெளியே இழுக்கவில்லையாம். ஒருநாள் அவளாகச் சொன்னாள், "அப்ப அது ஜெயிலு மாதிரி இருந்துச்சிக்கா. இப்ப நெனச்சா, நல்லதுக்குத்தான்னு தோணுது." சொல்லிவிட்டு மறுபடி முறத்தின் மேல் குனிந்துகொண்டாள். இருட்டுவதற்குள், "வரேங்க்கா" என்று எழுந்துபோவாள். காலையில் என் வாசலில் கோலம் இல்லை என்றால் கதவைத் தட்டுவாள். சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். போன தடவை நீ வந்தபோது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே போனாய். நான் காபி போட்டுக்கொண்டு உன்னைத் தேடிப் பின்பக்கம் வந்தேன். ஷெட்டில் அப்பாவின் ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நின்றது. நீ அதன் மேல் உட்கார்ந்திருந்தாய். அவருடைய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டிருந்தாய். வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ரெண்டு கையும் ஹேண்டில்பாரில், முகம் சுவரைப் பார்த்து. அந்த ஹெல்மெட்டுக்குள் இன்னும் அவருடைய தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஆடிக்கொண்டோ குலுங்கிக்கொண்டோ இருந்தாய் என்றால் ஓடிவந்திருப்பேன். நீ அசையவே இல்லை. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. அடி மேல் அடி வைத்து உள்ளே வந்துவிட்டேன். நீ வந்து, "பேட்டரி வீக்கா இருக்குதும்மா, மாத்தணும்" என்றாய். காபி ஆறிடுச்சி, வேற போடறேன் என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

அடுப்புக்கு முன்னால் நின்றபோது நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒரு வலி. உங்க அப்பாவுக்கு வந்த வலி இல்லை, பயப்படாதே. தை மாதத்திலிருந்து எனக்கு எதுவுமே வலிக்கவில்லையே, அது வலித்தது. அப்பாவுக்காக இல்லைடா, உனக்காக. அப்போதுதான் யோசித்துப்பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது நீ, ஐஸ் பெட்டி, பந்தல், பூ, சுடுகாடு, காரியத்துச் சாப்பாடு எல்லாம் நீ. ஒரு கையில் போன், ஒரு கையில் பையோடு சுற்றிக்கொண்டே இருந்தாய். என்னைக் கல் என்றார்கள், உன்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். இத்தனை பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழச் சொன்னார்களே, உன் தோளில் ஒருத்தராவது கை வைத்தார்களா? ஆம்பிளைப் பிள்ளை, கொள்ளி வைக்கவேண்டியவன் என்று விட்டுவிட்டோம். நானும்தான் விட்டுவிட்டேன். அதற்கப்புறமும் நீ ஓடிக்கொண்டேதான் இருக்கிறாய். என்னைத் தூக்கிக்கொண்டு, டாக்டர், பார்க், வீட்டு புரோக்கர், வண்டி என்று.

ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பாதே. நீ வா. ஆபீஸில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே லீவு சொல்லிவிட்டு, துணி எடுத்துக்கொண்டு வா. மனைவி கோபித்துக்கொள்ளமாட்டாள், அவளுக்கு உன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டாம். என்னை எதுவும் கேட்காதே, நானும் உன்னைக் கேட்கமாட்டேன். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கமாட்டேன், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஹெல்மெட்டைத் துடைக்கவில்லை, அப்படியே ஷெட்டில் மாட்டியிருக்கிறது. அங்கே எவ்வளவு நேரம் உட்காரவேண்டுமோ உட்கார். யார் வந்து உன்னைக் கேட்டாலும், பையன் தூங்குகிறான் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன்.

அம்மா